தெருவே சேர்ந்து போட்ட மேடு

அந்தப் பெட்டி பள்ளிக்கூடத்துக்கு என்றுதான் வந்தது. நிலத்தின் அதிர்வைப் பதிவு செய்யும் கருவி. பெரிய டிபன் கேரியர் ஒன்றைப் படுக்க வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். கல்லூரியில் என்னோடு இயற்பியல் படித்த தோழி ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறாள். நான் திருவொற்றியூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் அதே இயற்பியலைப் பத்தொன்பது வருடமாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். "பசங்களுக்குக் காட்டு, ஒரு வருஷம் வச்சுக்கோ" என்று கொடுத்தாள். எங்கள் பள்ளியின் தரைத்தளம் மழைக்கு மழை தண்ணீரில் நிற்கும். மாடியில் வைத்தால் பிள்ளைகள் ஓடுவதைத் தவிர வேறொன்றும் பதிவாகாது. தலைமையாசிரியை கையை விரித்துவிட்டார். எனவே காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுச் சாமான் அறையில், அரிசி டிரம்முக்கும் பக்கத்து வீட்டோடு பொதுவான சுவருக்கும் நடுவே, தரையில் திருகாணி போட்டு அதை உட்கார வைத்தேன்.

என் கணவர் டிரெய்லர் ஓட்டுநர். துறைமுகத்துக்கும் மணலி பக்கத்துக் கிடங்குகளுக்கும் நடுவே கன்டெய்னர் பெட்டிகளை ஏற்றிப் போய்வருவது அவர் வேலை. சாப்பாட்டுத் தட்டோடு வந்து அறையை எட்டிப் பார்த்தார்.

"இன்னாமே இது? அரிசி டிரம்முக்குக் காவலா?"

"பூமி ஆடினா சொல்லும்."

"நீ நடந்தாலே ஆடுது. அதுக்கு மிஷினு வேற" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அப்போது கோபிக்க நேரமில்லை. கணினியில் முதல் கோடு ஓடத் தொடங்கியிருந்தது.

அந்த முதல் வாரத்தை நான் எப்படிச் சொல்வேன்? ஒரு மணி நேரத்துக்கு ஒரு கோடு. கோடு நேராக ஓடினால் நிலம் சும்மா இருக்கிறது, பட்டையாகத் தடித்தால் ஏதோ ஆட்டுகிறது. எங்கள் வீட்டில் அது நேராக ஓடியதே கிடையாது. விடிந்தும் விடியாமலும் ஒரு சீரான துடிப்பு, நிமிடத்துக்கு முப்பது நாற்பது, அரை மணி நேரம் நீடித்து நின்றுவிடும். ஆலைகளில் ஏதோ பெரிய இயந்திரம் ஓடுகிறது என்று நினைத்துத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். நான்காம் நாள் குடத்தோடு வெளியே போனபோதுதான் பளிச்சென்று உறைத்தது. தெருவில் அத்தனை வீட்டு வாசலிலும் பெண்கள் அடிபம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடிப்போய்க் கோட்டைப் பார்த்தேன். அதே தாளம். எங்கள் தெருப் பெண்களின் கைவலி அத்தனையும் அதில் இருந்தது.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் மின்ரயில் எது, நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி எது என்று கோட்டைப் பார்த்தே சொல்ல ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோடு மெலிந்திருக்கும், பத்து மணிக்கு மேல் மாவு அரைக்கிற வீடுகள் எழுந்துகொள்ளும். கிரிக்கெட் இறுதி ஆட்டத்தில் கடைசி ஓவர் போட்டபோது மாடிவீட்டில் எத்தனை தடவை குதித்தார்கள் என்று எண்ணி, மறுநாள் படிக்கட்டில் பார்த்துச் சொன்னேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. வேகமான ஆட்டங்களை எல்லாம் வடிகட்டிவிட்டுப் பார்த்தால் அடியில் ஒரு மெதுவான அசைவு தெரியும், சில நொடிக்கு ஒரு தடவை ஏறி இறங்கும். அது கடல். வங்கக்கடலில் காற்றழுத்தம் உருவானால் வானொலி சொல்வதற்கு முன்பே அந்த அசைவு பெரிதாகிவிடும். வகுப்பில் ஒரு பாடம் நடத்தினால் அதில் பாதி இந்தக் கதையாகத்தான் இருந்தது.

தோழி மட்டும் மகிழவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டாள். "உன் ஸ்டேஷன் ஒரே இரைச்சல்டி. எங்கேயாவது நிலநடுக்கம் வந்தாக்கூட உன் டேட்டாவில தெரியாது. எடுத்துட்டு வேற இடத்துல வைக்கலாமான்னு யோசிக்கிறோம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை பேர் உழைத்து, அரைத்து, அடித்து, ஓட்டி வாழ்வதற்கு இவள் வைத்த பெயர் இரைச்சல். "உனக்கு நிலநடுக்கம் வேணும்னா காட்டுல போய் வை" என்று சொல்லிவிட்டேன். பிறகு நானே கூப்பிட்டு, ஒரு வருடம் முடியட்டும் என்று கெஞ்சினேன். எனக்கு அந்தப் பெட்டி தேவைப்பட ஒரு காரணம் வந்திருந்தது.

பக்கத்து வீட்டில் குடியிருக்கும் அக்கா தையல் வேலை செய்கிறவர். தண்டையார்பேட்டையிலிருந்து கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவர், கணவர் தவறிய பிறகு இரண்டு மோட்டார் மெஷின்களை வைத்து மகளைப் படிக்க வைக்கிறார். எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் சீருடையில் பாதி அவர் கையில் தைத்தது. நோன்பு மாதம் நெருங்கினால் அவர் வீட்டுக் கதவை மூடவே முடியாது, அவ்வளவு துணி வந்து குவியும். தெருவைப் பார்த்த முன் அறைதான் அவர் கடை, பட்டறை எல்லாம். அந்த அறையின் சுவரில் விரிசல் விட்டிருந்தது. முதலில் தலைமுடி போலத் தெரிந்தது, ஆறு மாதத்தில் விரல்நுனி நுழையும் அளவுக்கு வந்துவிட்டது. மெஷின்களைச் சமையலறைக்குத் தள்ளிவிட்டு, அடுப்புக்கும் ஊசிக்கும் நடுவே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் மாதவரத்தில் இருக்கிறார். ஸ்கூட்டரில் வந்தார், விரிசலைத் தடவிப் பார்த்தார், ஒரு கொத்தனாரைக் கொண்டு அதன் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டு வைத்து ஒட்டினார். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும். ஒன்பதாம் நாள் உடைந்தது. நோன்புப் பெருநாள் முடிந்ததும் காலி செய்துகொடுக்க வேண்டும், வீட்டை இடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா எங்கள் வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். "டீச்சர், இந்த லாரிங்கதான் செவுத்த ஒடைக்குது. நான் சொன்னா ஓனரு நம்பல. வூடு பயசாயிடுச்சுன்றாரு. உன் பொட்டிதான் எல்லாத்தையும் எய்துதுன்னு சொல்றியே, இத்த எய்தாதா?"

"எழுதும்க்கா. லாரியாலதான்னு நான் நிரூபிச்சுத் தரேன். அவர் லாரிக்கு எதிரா மனு போடட்டும், வீட்டை இடிக்க வேண்டாம்" என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல் கொடுத்த வாக்கு அது. எனக்கு அப்படித்தான் வாய்.

எங்கள் தெரு அகலமானது. துறைமுக வாசலில் வரிசை நீண்டு எண்ணூர் விரைவுச் சாலை அடைத்துக்கொண்டால் டிரெய்லர்கள் எங்கள் தெருவுக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியேறும். போன வருடம் என் மாணவி ஒருத்தியின் சைக்கிளை ஒரு டிரெய்லர் உரசிவிட்டது. அவளுக்கு முட்டியில் காயத்தோடு போயிற்று. அன்றே நான் வேகத்தடை கேட்டுக் கையெழுத்து வாங்கக் கிளம்பினேன். மனு கொடுத்தோம், பதில் வரவில்லை. எனக்குப் பொறுமை கிடையாது. அக்கா வீட்டின் பின்புறம் பழைய குளியலறையை வீட்டுக்காரர் இடித்துப் போட்ட கல்லும் கட்டியும் குவிந்து கிடந்தது. எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, "மொத்தத்தையும் வாரிகினு போங்க, எனக்கு வண்டி வாடகை மிச்சம்" என்று சந்தோஷமாகச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவே இறங்கியது. ஆண்கள் கல் அடுக்கினார்கள், பெண்கள் கலவை குழைத்தார்கள், அக்கா தன் கையாலேயே மேலே சிமெண்டு பூசி வழித்தார். "என் வாசலுக்கு நேரா போடுங்க, துணி வாங்க வர்ற புள்ளைங்க இங்கதான் குறுக்க ஓடுது" என்று இடத்தைக் காட்டியதும் அவர்தான். உயரத்தை முடிவு செய்தது நான். நாலு விரல் போதும் என்றார் கொத்து வேலை தெரிந்த ஒருவர். நாலு விரலுக்கு எந்த டிரெய்லர் பயப்படும் என்று கேட்டு ஒரு சாண் போட வைத்தேன். ஆட்டோக்காரர்கள் என்னைத் திட்டாத நாள் இல்லை. அந்த மேட்டை நான் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மார்பு விரியும்.

ஆக, நிரூபிக்க வேண்டும். விடுமுறை நாட்களில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்தேன். டிரெய்லர் போகும் நேரத்தை ஒரு நோட்டில் குறிப்பேன், பிறகு கோட்டில் அதே நேரத்தைப் பார்ப்பேன். ஒவ்வொரு டிரெய்லருக்கும் ஒரு பெரிய குத்து, அடுத்து அதைவிடப் பெரிய இரண்டாவது குத்து. கோடு மேலும் கீழும் பாய்ந்து பக்கத்துக் கோடுகளை எல்லாம் மறைத்துவிடும். அடிபம்பு, கிரைண்டர், ரயில் எல்லாம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. காலிப் பெட்டி ஏற்றிய வண்டிகள்தான் மிக மோசம். சுமையோடு போகிறவை கொஞ்சம் தணிந்து இருந்தன. ஒரே ஒரு வண்டி மட்டும் குத்தவே குத்தாது. மதிய நேரத்தில் எங்கள் வீட்டு வழியாகப் போகும் என் கணவரின் வண்டி. கோடு லேசாகத் தடித்து, தடித்தபடியே மெலிந்துவிடும். "உங்க வண்டி மட்டும் நல்ல வண்டி" என்று அவரிடமே பெருமையாகச் சொன்னேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் டிரெய்லர் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியது. என் கணவர் கைலியோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். முதல் நாள் பள்ளியிலிருந்து திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் சாமான் அறைக்குப் போனேன். திரையைப் பார்த்ததும் கருவி கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோடுகளாகவே ஓடிக்கொண்டிருந்தன. விரைவுச் சாலையிலிருந்து எந்நேரமும் வந்துகொண்டிருந்த அந்தத் தடிமன் போய்விட்டிருந்தது. கதவைச் சாத்திப் பார்த்தேன், குறித்தது. தரையில் குதித்துப் பார்த்தேன், குறித்தது. கருவி நன்றாகவே இருந்தது. நிலம்தான் அடங்கியிருந்தது. ஊரடங்கு காலத்தில் உலகம் முழுக்க மண்ணின் சலசலப்பு குறைந்துபோனதாகப் படித்திருந்தேன். அது எங்கள் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் நடக்கும் என்று நினைத்ததில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன்.

"இன்னா டீச்சர், ஒண்ணுமே இல்ல?"

"அதான்க்கா. ஒண்ணுமே இல்ல பாருங்க."

வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாள் தோழி கூப்பிட்டாள். கடலுக்கு அப்பால் வெகுதொலைவில் எங்கோ நிலம் நடுங்கியிருக்கிறது, அது என் கருவியில் தெளிவாக விழுந்திருக்கிறது என்றாள். குரலில் நம்ப முடியாத மகிழ்ச்சி. நான் திரையில் தேடிக் கண்டுபிடித்தேன். மெதுவாக எழுந்து, பல நிமிடம் நீண்டு, மெதுவாக அடங்கிய ஓர் அலை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து எங்கள் வீட்டுத் தரையை அது தொட்டிருந்தது, அந்த நேரத்தில் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, வெங்காயம் இல்லாமலேயே. கருவியை எடுக்கும் பேச்சை அவள் அதன் பிறகு எடுக்கவில்லை.

வேலைநிறுத்தம் முடிந்த மறுநாளே குத்துகள் திரும்பிவிட்டன. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வேலைநிறுத்தத்துக்கு முன் ஒரு தாள், நடுவில் ஒரு தாள், பின்னால் ஒரு தாள் என்று மூன்று தாள்கள் அச்செடுத்தேன். மாநகராட்சி அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டேன், அடுத்த திங்கட்கிழமை தெருவைப் பார்க்கப் பொறியாளர் வருவார் என்று சொன்னார்கள். வீட்டுக்காரரும் வருகிறார். டிரெய்லர்களைத் தெருவுக்குள் விடக் கூடாது என்று மனு எழுதினேன். அக்கா ஒரு தட்டு நிறைய சேமியா கொண்டுவந்து கொடுத்தார். வெற்றி விழா நடத்தாத குறைதான்.

அன்று மாலை என் கணவர் அந்தத் தாள்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கட்டா? கோச்சிக்க மாட்டியே?"

"கேளுங்க."

"வண்டி தெரு முனையிலேர்ந்து அந்த முனை வரிக்கும் ஓடுது. அத்தினி நேரம் செவுத்த ஆட்னா கோடு அத்தினி நேரம் ஆடணும்ல? இது இன்னாத்துக்கு ரெண்டே ரெண்டு குத்து மட்டும் குத்துது?"

"முன் சக்கரம் ஒண்ணு, பின் சக்கரம் ஒண்ணு" என்று பட்டென்று பதில் சொன்னேன்.

"அது தெரியுது. எங்க குத்துது?"

நான் தாளை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார். "என் வண்டி மட்டும் குத்தாது, நல்ல வண்டின்ன. என் வண்டி நல்ல வண்டியெல்லாம் இல்ல. நீ போட்ட மேடாச்சேன்னு அது மேல மட்டும் நான் ஊர்ந்துகினு ஏத்தறேன். மத்தவன் எவனுக்கு அந்தக் கவலை? காலிப் பொட்டி வேற, அடிச்சிகினு வந்து தூக்கிப் போடுவான்."

நான் கோபித்துக்கொண்டேன். ஓட்டுநர் ஓட்டுநருக்குத்தான் பரிந்து பேசுவார், இயற்பியல் எனக்குச் சொல்லித் தர வேண்டாம் என்று கத்திவிட்டுச் சமையலறைக்குள் போனேன். ஆனால் உள்ளே போய் உட்கார முடியவில்லை. விரிசல் எப்போது தொடங்கியது என்று விரல் விட்டு எண்ணினேன். மேடு போட்டு மூன்று மாதத்தில். லாரிகள் அதற்கு முன்பும் வந்துகொண்டுதான் இருந்தன. காரணத்தையும் விளைவையும் பத்தொன்பது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டுகிறவள் நான்.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நானே அவரிடம் போய்க் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் காலிப் பெட்டி ஏற்றிய வண்டியோடு வந்தார். காதில் தொலைபேசியை மாட்டிக்கொண்டார். நான் சாமான் அறையில் திரைக்கு முன்னால்.

"தெருவுக்குள்ள வந்துட்டேன். மத்தவன் மாதிரியே ஓட்டறேன்."

கோடு தடித்தது.

"அஞ்சாவது வூடு. வேகம் கொறைக்கல."

தடித்தது, அவ்வளவுதான். குத்து இல்லை.

"தோ, மேடு."

தரை வழியாக என் காலிலேயே உணர்ந்தேன். பிறகு திரையில் வந்தது. ஒரு குத்து. இரண்டாவது குத்து. மேட்டைத் தாண்டிய பிறகு அதே வேகத்தில் வண்டி கடைசி வீடு வரை போயிற்று, கோடு வெறுமனே தடித்துக் கிடந்தது. அடுத்த சுற்றில் மேட்டின் மேல் ஊர்ந்தார். குத்தே விழவில்லை. மூன்றாம் சுற்று மறுபடி வேகம், மறுபடி இரண்டு குத்து. நான் துள்ளிக் குதித்தேன். உண்மையாகவே குதித்தேன், கோட்டில் அதுவும் பதிவாகியிருக்கிறது. இத்தனை துல்லியமான ஒரு சோதனையை நான் எந்த ஆய்வகத்திலும் செய்ததில்லை. என் குற்றம் எனக்கு முன்னால் நிரூபணமாகிக்கொண்டிருந்தது, நானோ இன்னொரு சுற்று வாருங்கள் என்று கூவிக்கொண்டிருந்தேன். நான்காவது சுற்றின்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது.

போய்ச் சொன்னேன். சமையலறையில் ஒரு குர்தாவின் கையைப் பொருத்திக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்தாமல் கேட்டார், கடைசியில்தான் நிறுத்தினார்.

"அப்ப என் செவுத்த ஒடச்சது லாரி இல்ல. நாம."

"நான்க்கா. உயரம் போடச் சொன்னது நான்தான்."

"எடம் காட்னது நானு. பூசுனது நானு." குர்தாவை மடித்து மடியில் வைத்தார். "ஓனருக்குத் தெரிஞ்சா பெருநாள் வரிக்கும்கூட வைக்க மாட்டாரு டீச்சர். நீயே வூட்ட ஒடச்சிட்டு எங்கிட்ட இன்னா கேக்கறன்னு சொல்லுவாரு."

அந்த மூன்று தாள்கள் என் வீட்டில் இருந்தன. அவற்றை அப்படியே கொடுத்தால் போதும், பார்க்கிற யாரும் லாரிகளைத்தான் குறை சொல்வார்கள். மேட்டைப் பற்றி யாரும் கேட்கவே மாட்டார்கள். ஆனால் மேடு அங்கேயே இருக்கும், சுவரும் பிளந்துகொண்டே இருக்கும். அக்காவிடம் இரண்டையும் சொன்னேன். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன் என்றேன். தப்பு என்னுடையது, முடிவை அவர் மேல் சுமத்திவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"சொல்லிடு" என்றார். "ஆனா ஒண்ணு. உன் பேரை மட்டும் சொல்லி நல்லவளாவாத. என்னையும் சேத்து சொல்லு."

திங்கட்கிழமை பொறியாளர் வந்தார். என்னைவிடச் சின்னப் பெண். வண்டியிலிருந்து இறங்கியதும் மேட்டைத்தான் பார்த்தார். "இதை யார் போட்டது? எங்க கணக்கிலேயே இல்லையே."

தெருவில் முப்பது பேர் நின்றிருந்தார்கள். நான் கையைத் தூக்கினேன். வகுப்பில் பதில் தெரியாத பிள்ளை தூக்குவதைப் போல, பாதி மட்டும் தூக்கினேன். பக்கத்தில் அக்கா முழுதாகத் தூக்கினார். பிறகு கல் அடுக்கியவர்கள், கலவை குழைத்தவர்கள் என்று ஒவ்வொரு கையாக எழுந்தது. வீட்டுக்காரர் முகம் சிவந்துவிட்டது.

"தோ பாருங்க மேடம், குடியிருக்கறவங்களே என் வூட்ட—"

நான் அவரைப் பேச விடவில்லை. தாள்களைப் பொறியாளரிடம் காட்டி, முதல் குத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சோதனை வரை ஒரே மூச்சில் சொன்னேன். பயமெல்லாம் எங்கே போயிற்றோ, எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அந்தப் பெண்ணும் என்னிடமிருந்து தாளைப் பிடுங்கிக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டார். கடைசியில் அவர் சொன்னது இரண்டே வார்த்தை. "உடைச்சுப் பார்க்கலாம்."

பொறியாளர் ஆள் அனுப்பும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை ஏது? கடப்பாரையை நானே எடுத்தேன். ஐந்தாவது அடியில் மேலே பூசிய சிமெண்டு பெயர்ந்தது. உள்ளேயிருந்து நீலப்பூ போட்ட டைல்ஸ் ஒட்டிய பெரிய கட்டி ஒன்று உருண்டு வந்து வீட்டுக்காரர் செருப்பருகே நின்றது. அவர் குனிந்து பார்த்தார். பின்புறத்துக் குளியலறையில் பதித்திருந்த டைல்ஸ். தெருவே அவரைப் பார்த்தது.

"என் வூட்டு கல்லுதான்" என்றார், யாரும் கேட்காமலே. பிறகு மெதுவாக, "வாரிகினு போங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றார். அக்கா தலையைக் குனிந்து வாயை முந்தானையால் மூடிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும். வீட்டுக்காரர் விரிசலில் மறுபடி ஒரு கண்ணாடி ஒட்டச் சொன்னார். பெருநாள் வரை அது உடையாமல் இருந்தால் இடிப்பதில்லை, பழுது பார்த்துத் தருகிறேன் என்றார்.

மேடு போனால் லாரிகள் பறக்குமே, பிள்ளைகள் என்ன ஆவது என்று நான் கவலைப்பட்டதற்கு என் கணவர் ஒரு வழி சொன்னார். கீழே எதைப் போட்டாலும் ஓட்டுநர் தாண்டிவிடுவான், மேலே போட்டால் தாண்ட மாட்டான். தண்ணீர் லாரியும் குப்பை வண்டியும் நுழையும், பெட்டி ஏற்றிய டிரெய்லர் நுழையாது, அந்த உயரத்தில் தெருமுனையில் ஓர் இரும்புச் சட்டம் போதும் என்றார். உயரத்தை அவர்தான் அளந்து கொடுத்தார். இந்தத் தடவை பொறியாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினோம். சட்டம் நின்ற நாளிலிருந்து என் கணவரும் மதியம் எங்கள் தெரு வழியாக வர முடியாமல் சுற்றிப் போகிறார். அதற்கு என்னைத் தினமும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பதில்லை.

நோன்பு தொடங்கி முடியும்வரை நான் தினமும் இரண்டு இடங்களைப் பார்த்தேன், திரையை ஒரு தடவை, கண்ணாடியை ஒரு தடவை. அக்கா கண்ணாடிப் பக்கம் திரும்பவே மாட்டார், பார்த்தால் உடைந்துவிடும் என்று பயம். பத்தாம் நாள் உடையவில்லை. இருபதாம் நாளும் உடையவில்லை. பெருநாளன்று பிரியாணியோடு வந்தவர் வாசலிலேயே நின்று என் முகத்தைப் பார்த்தார். "முழுசா இருக்குக்கா" என்றேன். பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். வீட்டுக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. கொத்தனார்கள் வந்து விரிசலைக் கொத்தி, கம்பி வைத்துக் கட்டி, பூசினார்கள். அந்த நாட்களில் என் கோடு முழுக்க அவர்கள் சுத்தியல்தான்.

அவர்கள் போன பிறகு ஒரு சனிக்கிழமை காலை. திரையில் எனக்குத் தெரியாத ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மிகச் சின்ன, மிக வேகமான நடுக்கம். சில நொடி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். ரயில் இல்லை, கிரைண்டர் இல்லை, பம்பும் இல்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், எதோடும் பொருந்தவில்லை. எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் பொதுச் சுவரில் கையை வைத்தேன். கைக்குத் தெரிந்தது. ஓடியது, நின்றது, ஓடியது. வெளியே போய்ப் பக்கத்து வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அக்கா முன் அறைக்கு வந்துவிட்டிருந்தார். இரண்டு மெஷின்களையும் புதுப் பூச்சுச் சுவரை ஒட்டிப் போட்டு, எங்கள் பள்ளிச் சீருடை ஒன்றின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.